இல்லாத கருப்பு இழை

ஆரணி,
9-6-2025, திங்கள்.

அன்புள்ள திலகாவுக்கு,

இங்கு நான் நலம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. அந்தப் பொய்யை ஃபோனில் தினமும் சொல்லிச் சொல்லி நாக்கு தேய்ந்துவிட்டது. பேப்பரிலும் எழுத மனசு வரவில்லை. அந்த ஒரு வரியை இப்போதைக்கு விட்டுவிட்டு மேலே போகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கும்போது சுகன்யா பக்கத்தில் இருந்தால் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு குளியலறைக்குப் போய்விடு. உன் ஃபோன் நாள் முழுக்க அவள் கையில்தான் இருக்கிறது. நீ பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறாய். நடுவில் மாப்பிள்ளை ஹேமநாத் வேறு வந்து வணக்கம் மாமா என்கிறார். ஏழாம் மாதத்தில் ரத்தக்கொதிப்பு ஏறி, கட்டிலை விட்டு எழக் கூடாது, அதிர்ச்சியான சேதி எதுவும் காதில் விழக் கூடாது என்று புனே டாக்டர் சொல்லி வைத்திருக்கும் பிள்ளை அவள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வர முடியாமல், தாயே அங்கே போய் உட்கார்ந்திருக்கிறாய். அவளுக்குத் தெரியாமல் உன்னிடம் ஒன்று சொல்ல எனக்கு இதைவிட்டால் வழி தெரியவில்லை. அதனால்தான் மோர் மிளகாய் டப்பாவில், மிளகாய்க்கு அடியில் வைத்து அனுப்புகிறேன். உப்பு அவளுக்கு ஆகாது, அந்த டப்பாவை நீ மட்டும்தான் தொடுவாய். என் மூளை எப்படி?

படித்து முடித்ததும் ஃபோனில், மோர் மிளகாய் வந்தது, காரம் அதிகம் என்று மட்டும் சொல். எனக்குப் புரிந்துவிடும்.

சுகன்யாவின் வளைகாப்புப் புடவையை நானே நெய்கிறேன் என்று வீறாப்பாகச் சொல்லி உன்னை ரயிலேற்றினேன் இல்லையா? சந்தன நிற உடல், அரக்கு பார்டர். பாதிக்கு மேல் நெய்தாகிவிட்டது. போன புதன்கிழமை காலையில் தறியில் உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கும் பாவு நூலின் மேல் ஒரு கருப்பு இழை கிடந்தது. மயிர் கனம்தான் இருக்கும், கொஞ்சம் வளைந்து கிடந்தது.

எனக்குப் பகீரென்றது. சந்தன நிறத்தில் கருப்பு! நம் வீட்டில் சுபகாரியப் புடவைக்கு நூல் சுற்றுகிறவர்கள் கையில் கருப்புக் கயிறு இருந்தால்கூட அவிழ்த்து வைத்துவிட்டுத்தான் உட்காருவார்கள். அப்படியிருக்க, வயிற்றுப் பிள்ளைக்காரி உடுத்தப் போகிற புடவையில் கருப்பு எங்கிருந்து வந்தது? கையால் தடவினேன், போகவில்லை. ஊதினேன், போகவில்லை. ஊசி முனையால் நெம்பப் போனால் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. அங்கே பார்த்தால் இன்னும் தள்ளிப் போகிறது. கத்தரிக்கோலை எடுத்து அது கிடந்த இடத்தில் ஒரு வெட்டு வெட்டினேன். இருந்த இடத்திலேயே இருந்தது. இன்னொரு வெட்டு. அப்புறம் இன்னொன்று. அரைமணி நேரம் இதே வேலை. சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. குழந்தைக்கு ஏதோ ஆகப் போகிறது, அதைத்தான் சாமி எனக்குக் காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டே வெட்டினேன்.

முடியாமல் பக்கத்துத் தறித் தணிகாசலத்தைக் கூப்பிட்டேன். அவன் வந்து குனிந்து பார்த்தான். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். இன்னாண்ணா தேடிகினு கீற, இங்க கருப்பு நூலே இல்லியே, நல்ல நூலா பார்த்துப் பார்த்து அறுத்து வச்சிகீறியே என்றான். எண்ணிப் பார்த்தான். பதினாலு இழை. முப்பது வருஷத்தில் மற்றவர்கள் அறுத்ததைக் கட்டிக் கொடுத்தவன் நான். என் கையால் பதினாலு.

அவனைத் திட்டலாம் என்று நிமிர்ந்தேன். அவன் முகத்தின் மேலும் அந்தக் கருப்பு இழை கிடந்தது. சுவரைப் பார்த்தேன், சுவரிலும் இருந்தது. வலது கண்ணைப் பொத்தினேன், காணோம். இடது கண்ணைப் பொத்தினேன், ஒன்றுக்கு மூன்றாக நெளிந்தது. அப்போதுதான் தெரிந்தது, இழை புடவையில் இல்லை. திலகா, குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். அந்த ஒரு நிமிஷம்தான். மத்தியானத்துக்குள் வலது கண் முன்னால் செம்மண் கரைத்த தண்ணீர் மாதிரி ஒரு திரை இறங்கிவிட்டது.

இரண்டு நாள் பன்னீர் விட்டுப் பார்த்தேன். திட்டாதே. சனிக்கிழமை தணிகாசலம் என்னைப் பிடித்து இழுக்காத குறையாக வேலூர் பஸ்ஸில் ஏற்றினான். கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, மிஷினில் தாடையை வைக்கச் சொல்லி, கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். லீலா என்று ஒரு டாக்டரம்மா. சர்க்கரையால் கண்ணுக்குள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, இடது கண்ணிலும் ஆரம்பம் தெரிகிறது, வலது கண்ணுக்கு இன்றைக்கே ஊசி போட்டுவிடலாம் என்றார். எங்கே ஊசி என்று கேட்டேன். கண்ணிலேதான் என்றார். காதில் சரியாக விழவில்லையோ என்று மறுபடி கேட்டேன். அதே பதில்.

தலையை ஆட்டிவிட்டேன். எந்தக் கண் என்று தெரிய நெற்றியில் வலது பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எனக்கு முன்னால் ஐந்து பேர். ஒருவர் உள்ளே போய் வெளியே வரும்போது கண்ணை மூடிக் கட்டியிருந்தது. தணிகாசலம் டீ வாங்கப் போனான். நான் பாத்ரூம் போவதாக நர்ஸிடம் சொல்லிவிட்டு எழுந்தவன், வாசல், ஆட்டோ, பஸ் ஸ்டாண்ட், ஆரணி பஸ். கண்ணமங்கலம் தாண்டின பிறகு கண்டக்டர், பெரியவரே நெத்தியில இன்னா ஒட்டிகினு கீது என்று கேட்டபோதுதான் ஸ்டிக்கரைப் பிய்த்தேன். தணிகாசலம் இரண்டு டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி முழுக்கத் தேடியிருக்கிறான். அடுத்த பஸ்ஸில் வந்தவன் இன்று வரை என்னோடு பேசவில்லை. ஆனால் என்னைக் கேட்காமல் என் தறியில் உட்கார்ந்து, நான் அறுத்த பதினாலையும் ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டிருக்கிறான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் முனிசிபல் ஸ்கூலில் கண் முகாம் வைத்தார்களே, போய் வந்து உன்னிடம் கண் பளிங்கு மாதிரி இருக்கிறதாம் என்றேன். அது பொய். சர்க்கரை அதிகம், கண்ணின் உள்பக்கத்தை வருஷா வருஷம் காட்ட வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டைத் தறிமேல் பூ வேலைக்குத் தொங்கும் ஜக்காடு அட்டைகளுக்கு நடுவில் செருகி வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. நீ மாத்திரை போட்டீங்களா என்று கேட்டபோதெல்லாம் நான் சொன்ன ஆமாம்களில் பாதிதான் உண்மை.

எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னிடம் இதுவரை சொல்லாத வார்த்தை. பாம்பை அடித்திருக்கிறேன், ஆற்றில் வெள்ளம் வந்தபோது இறங்கியிருக்கிறேன். கண்ணுக்கு நேராக ஊசி வருகிறது என்று நினைத்தால் கால் இரண்டும் தானாக வாசலைப் பார்க்கின்றன. போகட்டுமா, வேண்டாமா, நீ சொல். அதற்காக இங்கே வந்துவிடாதே. அவளை விட்டு வந்தால் நான் உன்னோடு பேச மாட்டேன்.

ஆண்டவன் உங்கள் மூவரையும், வரப்போகும் நாலாவது ஆளையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
தனகோடி

---

ஆரணி,
27-6-2025, வெள்ளி.

அன்புள்ள திலகாவுக்கு,

காரம் அதிகம் என்று நீ சொன்னதைக் கேட்டேன். மூன்று தரம் சொன்னாய். மூன்றாவது தரம் குரல் உடைந்து, அதை இருமலாக மாற்றினாய். அதோடு விடாமல், மிச்சம் இருக்கிற மிளகாயை மூடி மூடி வச்சா பூஞ்சை பூத்துடும், ஒழுங்கா வெயில்ல வைங்க, இல்லேன்னா நான் வந்து வைப்பேன் என்றாயே, அதுவும் புரிந்தது. நீ இப்படி அதட்டி எத்தனை நாளாயிற்று!

போனேன். இந்தச் செவ்வாய்க்கிழமைதான் தேதி கிடைத்தது. தணிகாசலம் மறுபடி கூட வந்தான். இந்தத் தரம் டீ வாங்கப் போகவில்லை. என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

உள்ளே கூப்பிட்டதும் டாக்டரம்மாவிடம், ஊசி இருக்கட்டும், நான் தின்ற சர்க்கரைக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம், அதை முதலில் சொல்லுங்கள் என்றேன். தெரிந்துகொள்ளும் ஆசையில் இல்லை, நேரத்தைக் கடத்தத்தான். அவருக்கும் அது தெரிந்திருக்கும். ஆனாலும் என் கண்ணின் படத்தைத் திரையில் போட்டுக் காட்டிச் சொன்னார். தேசூர்ப் பக்கத்துக்காரராம், பொறுமையாகப் பேசுகிறார்.

கண்ணின் பின்சுவரில் மயிரைவிட மெல்லிய ரத்த நாளங்கள் ஓடுகின்றன. ரத்தம் படுகிற உள்பக்கத்தில் ஒரு வகை செல். அதை வெளியிலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டு இன்னொரு வகை செல். அதற்குப் பெரிசைட் என்று பேராம். இந்த வெளியாட்கள் ரத்தத்தைத் தொடுவதே இல்லை. ஆனால் நாளம் புடைக்காமல், ஒழுகாமல் இறுக்கி வைத்திருப்பது அவர்கள்தான். உள்ளே இருக்கிறவன் இஷ்டத்துக்குப் பெருகிக் கிளைவிடாமல், போதும், இங்கேயே நில் என்று அடக்கி வைப்பதும் அவர்கள்தான். உடம்பில் வேறெங்கும் இல்லாத அளவுக்குக் கண்ணில்தான் நெருக்கமாக, ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று என்று காவல் இருக்கிறார்களாம்.

சர்க்கரை வருஷக்கணக்கில் ஏறிக் கிடந்தால் சாவு முதலில் இந்தக் காவல்காரர்களிடம்தான் தொடங்கும் என்றார். வலிக்காது. பார்வையும் மங்காது. நாம் தறியில் உட்கார்ந்து பூ வேலை செய்துகொண்டிருக்கும்போதே அங்கே ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கும். பிடி போன நாளம் இங்கே புடைக்கிறது, அங்கே ஒழுகுகிறது, சில இடத்தில் அடைத்தே போகிறது. ரத்தம் வராத இடம் சும்மா இருக்குமா? எனக்கு ரத்தம் வேண்டும் என்று ஒரு ரசாயனத்தை விட்டுக் கேட்கிறது. கேட்டதும் புது நாளங்கள் முளைக்கின்றன. ஆனால் அவற்றைப் பிடித்து நிறுத்தத்தான் வெளியில் ஆளில்லையே. கண்ட இடத்தில் நீள்கின்றன, ஒரு தும்மலுக்கு உடைகின்றன. நான் கத்தரிக்கோலோடு துரத்தினேனே, அந்தக் கருப்பு இழை, அது அப்படி உடைந்த நாளத்தின் ரத்தம் கண்ணுக்குள் விழுத்திய நிழல்.

இதைச் சொல்லும்போது டாக்டரம்மா, உங்க பாவு மாதிரிதான் என்று ஆரம்பித்தார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பாவு நூல் தானாக வளராது, போட்ட இடத்தில் கிடக்கும், அது உத்தமமான வஸ்து என்றேன். சிரித்துவிட்டார். எனக்கு ஞாபகம் வந்தது நம் பின்பக்கத்து அவரைக்கொடி. நீ இருந்தவரை தினமும் காலையில் போய் நாலு இடத்தில் கட்டி, நுனி கிள்ளி விடுவாய். நான் அதைப் பெரிய வேலையாக நினைத்ததே இல்லை. கொடி தானாகவே ஒழுங்காக வளர்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். நீ போன பிறகு அது சுவர் ஏறி, தணிகாசலம் வீட்டுச் சின்னக்கண்ணுவின் துணிக்கொடியில் சுற்றிக்கொண்டது. காய் ஒன்றுமில்லை, வெறும் கொடிதான். வீட்டுக்குப் போனதும் அதைக் கட்டிவிட வேண்டும் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நினைத்தேன். எனக்குப் புத்தி எப்போது வருகிறது பார்.

செத்ததைத் திரும்ப உயிர்ப்பிக்க ஊசி இல்லையா அம்மா என்று கேட்டேன். அதைத்தான் உலகம் பூரா தேடிகினு கீறாங்க, இப்ப கைல இருக்கறது ரத்தம் கேக்கற அந்தக் கூப்பாட்டை அடக்கற ஊசிதான் என்றார். கூப்பாடு அடங்கினால் புதுக் கிளைகள் சுருங்கும். ரத்தம் மெல்ல வடியலாம். வடியாவிட்டால் ஆபரேஷன். பார்வை முழுசாக வரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, போடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மட்டும் வாக்குக் கொடுப்பேன் என்றார்.

என் அப்பாவுக்குக் கடைசி ஆறு வருஷம் பார்வை இல்லை. தறி அவர் கண்ணைத் தின்றுவிட்டது என்று நம் தெருவே சொன்னது. நானும் அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கும் இந்தத் தெருவில் ஒருவனுக்குப் பார்வை மங்கினால், நெசவுக்காரன் கண் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். அப்பாவின் காலில் ஒரு புண் கடைசி வரை ஆறவே இல்லையே, அதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவருக்கும் சர்க்கரைதான் இருந்திருக்கும் என்றார். பாவம் தறி, செய்யாத குற்றத்தை இத்தனை வருஷம் சுமந்திருக்கிறது.

ஊசியைப் பற்றிக் கேட்பாய். மரத்துப்போக மருந்து விட்டு, இமை மூடாமல் ஒரு கம்பியை வைத்து, மேலே பாருங்க என்றார்கள். குத்துவதற்கு முன்னாலேயே ஐயோ என்று கத்திவிட்டேன். இன்னும் போடவே இல்லைங்க என்றார் நர்ஸ். அப்புறம் ஒரு அழுத்தம். தண்ணீரில் எண்ணெய் விட்ட மாதிரி ஏதோ சுழன்றது. அவ்வளவுதான், நெசவில் நாடா நாலு தரம் போய் வரும் நேரம்கூட இல்லை. ஊசியை நினைத்துத்தான் நான் ஓடினேன். ஓட வேண்டியது அதைப் பார்த்து இல்லை என்று இப்போது தெரிகிறது. ஆனால் பயம் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. அடுத்த ஊசி ஜூலை 22, செவ்வாய். இடது கண்ணிலும் புது நாளம் தலைகாட்டியிருக்கிறதால் அன்றைக்கே அதற்கு லேசர். நல்ல கண்ணில் கை வைக்கப் போகிறார்கள், திலகா. அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

தலையைத் தூக்கி வைத்துத்தான் படுக்கிறேன், பாரம் தூக்குவதில்லை, மாத்திரை தவறுவதில்லை. உன் மேல் ஆணை, இது முழு ஆமாம். தணிகாசலம் என்னைத் தறிப்பக்கமே விடவில்லை. மிச்சப் புடவையை அவனே நெய்து முடித்தான். இதோடு அனுப்பியிருக்கிறேன். பதினாலு முடிச்சும் கொசுவத்துக்குள் போகிற இடத்தில் வருகிறது, வெளியே தெரியாது. அடுத்த வெள்ளிக்கிழமை வளைகாப்பை அவள் கட்டிலில் உட்கார்ந்தபடியே செய்துவிடுங்கள். ஆடி பிறந்துவிட்டால் செய்ய முடியாது.

சுகன்யா இப்போதெல்லாம் தினமும் சாயங்காலம் அவளே கூப்பிடுகிறாள். காபியில் சர்க்கரை போட்டீங்களா, எத்தனை மணிக்குப் படுத்தீங்க என்று போலீஸ் மாதிரி விசாரணை. நீ ஏதாவது உளறிவிட்டாயா? உண்மையைச் சொல்.

நேற்று வீட்டில் ஆளில்லாதபோது கண்ணை மூடிக்கொண்டு தறியிலிருந்து குழாய் வரை நடந்து பார்த்தேன். பதினோரு அடி. ஒன்பதாவது அடியில் வாளியில் இடித்துக்கொண்டேன். வாளியைத் திட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். உன் முகம் எனக்குப் பார்க்காமலே தெரியும். சுகன்யாவின் முகமும் தெரியும், இடது புருவத்தில் இருக்கும் வெட்டுத் தழும்பு உட்பட. இதுவரை பார்க்காத முகம் ஒன்று ஆவணியில் வரப்போகிறது. அதுவரைக்கும் ஒரு கண்ணாவது நிற்க வேண்டும். சாமியிடம் வேறு எதையும் நான் கேட்கவில்லை.

பிறந்ததும் வீடியோவில் காட்டுவீர்கள் இல்லையா, அப்போது குழந்தையை நடுவில் பிடிக்காதே. என் இடது கைப்பக்கம் வருகிற மாதிரி, ஃபோனின் ஓரமாக, ஜன்னல் வெளிச்சத்தில் பிடி. அவளுக்குச் சந்தேகம் வராத மாதிரி பிடிக்கப் பழகிக்கொள்.

நீ வராதே. இங்கே தணிகாசலம் இருக்கிறான், சின்னக்கண்ணு சோறு கொடுத்தனுப்புகிறாள், எனக்கு ஒரு குறையும் இல்லை. வராதே. அவரைக்கொடியை நான்தான் கட்டினேன், கோணல்மாணலாக இருக்கிறது, நீ வந்து சரி பண்ணிக்கொள்ளலாம். அவசரமில்லை, பிள்ளை பிறந்து மூன்று மாதம் கழித்து வந்தால் போதும்.

இப்படிக்கு,
தனகோடி

---

புனே,
10-7-2025, வியாழன்.

அன்புள்ள அப்பாவுக்கு,

எழுத்தைப் பெரிது பெரிதாகக் கருப்பு ஸ்கெட்ச் பேனாவில் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு வரிதான் வருகிறது. தணிகாசலம் சித்தப்பாவைப் படிக்கச் சொல்லாதீர்கள், நீங்களே படியுங்கள். இடது கண்ணால் படியுங்கள்.

அப்பா, மோர் மிளகாய் காரம் அதிகம்.

முதல் பார்சல் வந்த அன்றைக்கே திறந்தது நான்தான். அம்மாவும் அவரும் காய் வாங்கப் போயிருந்தார்கள். பத்தியச் சாப்பாடு தின்று தின்று நாக்கு செத்துக் கிடந்தது. தயிர் சாதத்துக்கு ஒரே ஒரு மிளகாய், யாருக்குத் தெரியப் போகிறது என்று கட்டிலை விட்டு இறங்கி நாலு அடி நடந்தேன். உப்பு ஆகாதவள் அந்த டப்பாவைத் தொட மாட்டாள் என்று எழுதியிருந்தீர்கள். மசக்கைக்காரியைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

முழுசாகப் படித்தேன். மூச்சு வாங்கியது. உடனே பிபி மிஷினைக் கையில் கட்டிப் பார்த்தேன். காலையில் இருந்ததைவிட நாலு குறைவாகத்தான் இருந்தது. மறுபடி பார்த்தேன், அதேதான். என் அப்பா என்னிடம் மறைத்ததை நான் தெரிந்துகொண்டேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கடிதத்தை மடிப்பு மாறாமல் மிளகாய்க்கு அடியில் வைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டேன். அந்த மிளகாயைத் தின்னவில்லை. அழுகையிலேயே போதுமான உப்பு இருந்தது.

நான் படித்தது அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அம்மா உங்கள் கடிதத்தைத் தினமும் குளியலறைக்குக் கொண்டுபோய், குழாயைத் திறந்துவிட்டுப் படிக்கிறாள். வாளி நிரம்பி வழிகிற சத்தம் கட்டில் வரை கேட்கிறது. வெளியே வந்ததும் கண்ணில் சோப்பு பட்டுவிட்டது என்கிறாள். மூன்று வாரமாக ஒரே சோப்பு ஒரே கண்ணில் படுகிறது. இரண்டாவது கடிதத்தை அரிசி டப்பாவில் ஒளித்து வைத்திருக்கிறாள், அதையும் படித்துவிட்டேன். அம்மா எதையும் உளறவில்லை, அவளைத் திட்டாதீர்கள்.

வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. படம் அனுப்பியதில் உங்களுக்கு எவ்வளவு தெரிந்ததோ தெரியவில்லை. பக்கத்து வீட்டு மராத்திக்காரப் பெண்கள் இந்த நிறம் எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எல்லாரும் போன பிறகு புடவையை மடியில் போட்டு விரலால் தடவித் தேடினேன். பதின்மூன்றுதான் கிடைத்தது. அரைமணி நேரம் கழித்து பதினாலாவது முடிச்சும் கையில் பட்டது. ஒவ்வொன்றும் நீங்கள் எனக்காகப் பயந்த இடம். என் நல்ல கண்ணால் முந்தானையிலிருந்து கடைசி வரை பார்த்துவிட்டேன் அப்பா, கருப்பு எங்கேயும் இல்லை.

என் சர்க்கரையை இங்கே இரண்டு தரம் பார்த்தார்கள், இல்லை. ஆனாலும் உங்கள் மகள், அதனால் பிரசவத்துக்கு அப்புறமும் வருஷா வருஷம் பார்ப்பேன். சீட்டு கொடுத்தால் ஒளித்து வைக்க மாட்டேன். நீங்கள் செருகி வைத்த சீட்டை எடுத்து வெளியே எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் ஒட்டுங்கள். தறிமேல் பழியைப் போட்டுக்கொண்டு தெருவில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்களோ.

குழந்தையை ஓரமாகப் பிடிக்கச் சொல்லி எழுதியிருந்தீர்களே. நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு அம்மா மத்தியானத்தில் தலையணையைத் துணியில் சுற்றி, ஃபோனை ஜன்னலில் சாய்த்து வைத்துப் பழகுகிறாள். இப்படிப் பிடித்தால் தெரியுமா, அப்படிப் பிடித்தால் தெரியுமா என்று தனக்குள் பேசிக்கொள்கிறாள். நேற்று அந்தத் தலையணைக்கு முத்தம் கொடுத்தாள். நான் போர்வையைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது அப்பா. ராத்திரியும் பகலும் வயிற்றில் கை வைத்துக்கொண்டு அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கொஞ்ச நேரம் அசையவில்லை என்றால் எழுந்து எங்கேயாவது ஓட வேண்டும் போலிருக்கிறது. ஓடினால் குழந்தைக்கு ஆகாது என்பதால் படுத்திருக்கிறேன். ஓடுகிற கால் உங்களிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

அதனால் ஒன்று கேட்கிறேன். 22-ஆம் தேதி நெற்றியில் ஸ்டிக்கர் ஒட்டி அந்த நாற்காலியில் உட்கார வைப்பார்கள். உட்காருங்கள். கால் வாசலைப் பார்த்தால் பார்க்கட்டும். நீங்கள் எழுந்திருக்காதீர்கள். அதே நேரத்தில் நானும் இந்தக் கட்டிலை விட்டு எழ மாட்டேன். பயத்தோடேயே இரண்டு பேரும் இருக்கிற இடத்தில் இருப்போம்.

குழந்தை பிறந்ததும் ஓரமாகவெல்லாம் பிடிக்க மாட்டேன். ஃபோன் முழுக்க அந்த முகம்தான் இருக்கும். எந்தப் பக்கம் தெரிகிறதோ அந்தப் பக்கத்தைப் பாருங்கள், மற்றதை நான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சுகன்யா